தவணை ஏறவில்லை, ஆண்டுகள் ஏறின: பணக் கொள்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பணக் கொள்கைக் குழுவின் ஆறு உறுப்பினர்கள்,
இந்திய ரிசர்வ் வங்கி,
மும்பை.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2025 டிசம்பர் 5-ஆம் தேதி, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டியை மேலும் கால் சதவீதம் குறைத்து 5.25 ஆக்கினீர்கள். அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து கூட்டினால் மொத்தக் குறைப்பு 1.25 சதவீதம். ஒவ்வொரு முறையும் வருகிற அதே செய்தி இந்த முறையும் வந்தது: வீட்டுக் கடன் தவணை குறையும். என்னிடம் கணக்கு அறிக்கையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களில் தவணை குறைந்த ஆள் ஒருவரும் இல்லை. அது ஏன் என்பதையும், உங்கள் வேலைக்கே அது எப்படிக் குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் இந்த மடல்.

நான் வங்கியொன்றில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்; திருச்சிக்காரன். வங்கி அனுப்பும் அறிக்கையில் அசல் எது, வட்டி எது, கடைசித் தவணை எந்த வருடம் என்று அக்கம்பக்கத்தாருக்குப் படித்துச் சொல்வது இப்போதைய வேலை. சம்பளமில்லாத வேலை, ஆனால் ஓய்வு கிடையாது.

2022-க்குப் போவோம். இப்போதைய ஆறு பேரில் ஒருவரும் அன்று குழுவில் இல்லை. இருந்தாலும் நாற்காலி அதே நாற்காலிதான். இரண்டாண்டுகள் 4 சதவீதத்தில் நின்ற ரெப்போவை, 2022 மே 4-ஆம் தேதி, அட்டவணையில் இல்லாத ஒரு கூட்டத்தைக் கூட்டி 4.40 ஆக்கியது குழு. 2023 பிப்ரவரிக்குள் ஆறு முறை ஏற்றி 6.50-இல் கொண்டுபோய் நிறுத்தியது. அதைக் குறை சொல்ல வரவில்லை. உக்ரைன் போரில் கச்சா எண்ணெயும் சமையல் எண்ணெயும் எகிறி, ஏப்ரல் மாதச் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம் ஆகியிருந்தது. குழுவுக்கு இடப்பட்ட இலக்கு 4. மேலே இரண்டு, கீழே இரண்டு வரை பொறுக்கலாம். மூன்று காலாண்டுகள் தொடர்ந்து எல்லை தாண்டினால் அரசுக்கு விளக்கம் எழுத வேண்டும். அப்படி எழுத வேண்டிய நிலை வந்து, 2022 நவம்பர் 3-ஆம் தேதி அதற்கென்றே குழு கூடியது. அந்தக் கடிதத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. நீங்கள் அரசுக்கு எழுதுவது மூடிய உறையில் போகிறது; நாங்கள் உங்களுக்கு எழுதுவதாவது திறந்தே இருக்கட்டும்.

வட்டியை ஏற்றினால் விலைவாசி எப்படி இறங்கும்? கடன் வாங்கியவன் கையில் செலவுக்கு மிஞ்சுவது குறையும்; கடன் வாங்க இருந்தவன் தள்ளிப்போடுவான்; கடையில் கேட்பு, அதாவது வாங்கும் தேவை, தளரும்; விற்பவன் விலை ஏற்றத் தயங்குவான். இந்தச் சங்கிலியில் நடுத்தரக் குடும்பத்தைத் தொடுகிற பெரிய கண்ணி வீட்டுக் கடன்தான். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டிவைத்தது ரிசர்வ் வங்கி. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி மாற வேண்டும் என்றும் சொன்னது. நல்ல உத்தரவு. அதற்கு முன் ரெப்போ இறங்கினால் வங்கிக்கு காது கேட்காது, ஏறினால் மட்டும் கேட்கும்.

இனி ஒரு கணக்கு அறிக்கையைப் பாருங்கள். தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. 2021 அக்டோபரில், நாற்பது வயதில், 30 லட்சம் கடன், வட்டி 6.75 சதவீதம், இருபது ஆண்டு, மாதத் தவணை 22,811 ரூபாய். 2041-இல், அறுபதாவது வயதில் முடிய வேண்டிய கடன். முதல் மாதத் தவணையில் 16,875 வட்டிக்கும் 5,936 அசலுக்கும் போயிற்று. 2022 மத்தியிலிருந்து ஒவ்வொரு காலாண்டும் வட்டி ஏறுகிறது. தவணை மட்டும் அசையவில்லை. மாதாமாதம் அதே 22,811. ஆசிரியரும் நிம்மதியாக இருந்தார். 2023 ஏப்ரலில் வட்டி 9.25. அந்த மாதத் தவணையில் அசலுக்குக் கழிந்தது இருநூற்றுச் சொச்சம் ரூபாய். மீதி அத்தனையும் வட்டி. அதே தவணையில் போனால் கடன் அடைய இன்னும் ஐம்பது ஆண்டு.

அந்த இடத்தில்தான் அவருடைய வங்கி விழித்துக்கொண்டது. கடனை நீட்டக்கூடிய உச்சவரம்பான முப்பது ஆண்டுக்கு, அதாவது 2051 வரை நீட்டிவிட்டு, அதற்கும் போதாத பற்றாக்குறைக்காகத் தவணையில் சுமார் 1,550 ரூபாய் கூட்டியது. 2041-லேயே முடிக்க வேண்டுமென்றால் தவணை ஏறத்தாழ 4,800 ரூபாய் கூடியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் குழு கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விலைவாசியை அடக்க அந்தக் குடும்பத்தின் மாதச் செலவிலிருந்து நீங்கள் எடுக்க நினைத்தது 4,800 ரூபாய். உண்மையில் எடுத்தது 1,550. அதுவும் ஏறத்தாழ ஓராண்டு தாமதமாக. மீதியை அவருடைய எழுபதாவது வயதின் பேரில் எழுதி வைத்தீர்கள். 2022-இல் எண்ணெய் விலை ஏறியதற்கு ஒரு மனிதர் 2049-இல் ஓய்வூதியமில்லாத காலத்தில் தவணை கட்டினால், 2022-இன் விலைவாசி எப்படி இறங்கும்? பணவீக்கத்தை அடக்கவும் அது உதவவில்லை, அவரையும் விட்டபாடில்லை.

இப்போது இறக்கத்தைப் பாருங்கள். 2025-இன் குறைப்புகள் எல்லாம் வந்து சேர்ந்தால் அவருடைய வட்டி 8 சதவீதம். தவணை அப்படியே நிற்கிறது. கடன் முடியும் ஆண்டு மட்டும் 2051-லிருந்து 2045 வாக்கில் வருகிறது. அவருக்கு நல்லதுதான், நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் நீங்கள் வட்டியைக் குறைத்தது மக்கள் கையில் பணம் புழங்கட்டும் என்பதற்காக அல்லவா? அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு விழுந்திருந்தது. கேட்பைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டிய நேரம். அவர் சட்டைப் பையில் ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை. ஏற்றமும் சரி, இறக்கமும் சரி, ஏடுகளில் கடன்தாரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பதிவாகிறது. தெருவில் பாதிகூட நடக்கவில்லை.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைக் கவனித்து ஒரு சுற்றறிக்கை விட்டது: வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும், மாதத் தவணை வட்டிக்கே போதாத நிலை வரக்கூடாது. அருமையான சுற்றறிக்கை. நடைமுறையில் அது ஒரு குறுஞ்செய்தியாகச் சுருங்கிவிட்டது. ஆங்கிலத்தில், மூன்று சுருக்கெழுத்துகளோடு, வரவு வைத்த செய்திக்கும் சிலிண்டர் செய்திக்கும் நடுவில் வந்து விழுகிறது. பதில் அனுப்பாவிட்டால் காலம் நீள்கிறது. கடன் கொடுக்கும்போது தரும் முக்கிய விவர அறிக்கை கடன்தாரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறீர்கள். பத்தாண்டைக் கூட்டுகிற அறிவிப்புக்கு அந்த விதி ஏன் கிடையாது?

இவர் மாதச் சம்பளக்காரர், சம்பளச் சீட்டு உண்டு, வங்கிக் கடன் கிடைத்தது. தையற்கடை வைத்திருப்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அந்த வாசல் சுலபத்தில் திறப்பதில்லை. அவர்கள் போவது வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு. வெளி அளவுகோல் உத்தரவு அந்த நிறுவனங்களுக்குக் கிடையாது. அவை தாங்களே வகுத்துக்கொண்ட விகிதத்தின்படி வட்டி போடுகின்றன. அதிக வட்டி கட்டுபவருக்குத்தான் உங்கள் குறைப்பு கடைசியில் போய்ச் சேருகிறது, சேர்ந்தால்.

இதுவரை கடனுக்குள் இருப்பவரின் கதை. வெளியே நிற்பவரின் கதை மனை விலையில் இருக்கிறது.

மாதம் 22,811 ரூபாய் தவணை கட்ட முடிகிற குடும்பத்துக்கு, 9.25 சதவீத வட்டியில் இருபதாண்டுக் கடனாகக் கிடைப்பது ஏறத்தாழ 24.9 லட்சம். அதே குடும்பம், அதே சம்பளம், வட்டி 6.75 என்றால் 30 லட்சம். சம்பளம் ஒரு ரூபாய் ஏறாமலே வாங்கும் சக்தி ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இந்தக் கணக்கு உங்கள் பொருளாதார ஆய்வுத் துறைக்கு மட்டும் தெரிந்ததில்லை. புறவழிச் சாலையோரம் கலர் கொடி கட்டி மனை போட்டு, வேனில் ஆள் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டும் தரகருக்கும் தெரியும். சதுர அடிக்கு எவ்வளவு என்று அவர் ஆரம்பிப்பதில்லை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்றுதான் கேட்கிறார். சிமெண்டை இன்னொரு ஆலை வைத்து உற்பத்தி செய்யலாம். செங்கல்லை இன்னொரு சூளை போட்டுச் சுடலாம். பேருந்து போகிற, தண்ணீர் வருகிற, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிற ஒரு கிரவுண்டு மனையை யாரும் புதிதாகத் தயாரிக்க முடியாது. கூடுதலாகக் கிடைக்கும் கடன் அங்கே போய்த்தான் அடைகிறது. வட்டிக் குறைப்பை வாங்குபவருக்குக் கொடுத்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள், வாங்கிக்கொள்பவர் மனைக்காரர்.

சரி, வட்டியை ஏற்றினால் மனை விலை இறங்க வேண்டுமே? அங்கேதான் விஷயம் இன்னும் மோசம். 2022-க்கும் 2024-க்கும் நடுவில், ரெப்போ ஏறி உச்சியில் நின்ற காலத்திலேயே, நம் நகரங்களில் வீட்டு விலை ஏறியது. சென்னையில் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் மறுபடி திறந்ததும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் வாடகையும் சேர்ந்து ஏறியது. கட்டுமான நிறுவனங்கள் சின்ன வீடுகளை விட்டுவிட்டு ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குத் தாவின. காரணம் கடினமானதில்லை. உயர்ந்த வட்டி விரட்டியடிப்பது கடனை நம்பி வாங்குகிறவரை. ரொக்கத்தோடு வருகிறவருக்கு ரெப்போ எத்தனை என்றுகூடத் தெரியாது. பத்திரத்தில் எழுதும் தொகைக்கும் கைமாறும் தொகைக்கும் உள்ள இடைவெளியை நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த இடைவெளிப் பணத்துக்கு எந்த வங்கியும் கடன் தருவதில்லை. ஆகவே உங்கள் வட்டி அதைத் தொடுவதும் இல்லை. வட்டி குறைந்தால் மனை விலை ஏறி வாங்க முடியவில்லை, வட்டி ஏறினால் தவணை கட்டுப்படியாகாமல் வாங்க முடியவில்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு மத்தளம் போல இருபக்கமும் இடி.

குறைந்த வட்டிக் காலத்தில் இன்னொரு கூட்டமும் மனைக்கு வந்தது. அதை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்தேன். 2020 அக்டோபரில் பணவீக்கம் 7.61 சதவீதம், நிரந்தர வைப்புக்கு வங்கிகள் கொடுத்தது ஐந்தும் ஐந்தரையும். ஓய்வுபெற்றவர்களின் பணம் வங்கியில் இருந்தபடியே கரைந்தது. வைப்பை முறித்து மனையில் போட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. குடியிருக்க அல்ல, பணத்தைக் காப்பாற்ற வாங்கிய மனைகள் அவை. இன்றும் வேலிக்கருவை முளைத்துக் கிடக்கின்றன.

இவ்வளவும் நடக்கும்போது உங்கள் அளவுகோல் என்ன காட்டியது? 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் வீட்டு விலைக்கு இடமே இருக்கவில்லை. வீடு வாங்குவது முதலீடு, நுகர்வு இல்லை என்பது புள்ளியியலாரின் வாதம். உலகமெங்கும் ஏறக்குறைய அப்படித்தான், அதில் நியாயமும் உண்டு. வாடகை இருந்தது: மொத்தக் குறியீட்டில் 10.07 சதவீத எடை, அதுவும் நகரங்களுக்கு மட்டும். அந்த வாடகையும் சில சமயம் வேடிக்கை காட்டியது. 2017 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படி ஏறியது. அரசுக் குடியிருப்புகளின் வாடகையை அந்தப் படியை வைத்து மதிப்பிட்டதால், எந்த வீட்டுக்காரரும் வாடகையை ஏற்றாமலே குறியீட்டில் வாடகை ஏறிவிட்டது. அன்றைய குழு அந்த ஏற்றத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. குடும்பம் ஒன்று வாழ்நாளில் செய்யும் ஆகப்பெரிய செலவுக்கு அளவுகோல் இல்லை, நடக்காத வாடகை உயர்வுக்கு இருந்தது.

மாறாக உணவுக்கும் பானங்களுக்கும் அதே குறியீட்டில் 45.86 சதவீத எடை இருந்தது. 2023 ஜூலையில் தக்காளி எகிறிப் பணவீக்கம் 7.44 சதவீதம் ஆனது. இங்கே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு தக்காளி விற்றது. ரெப்போவை ஏற்றினால் தக்காளி காய்க்காது என்று உங்களுக்கும் தெரிந்திருந்ததால் ஆகஸ்டில் வட்டியைத் தொடவில்லை, சரியான முடிவு. உணவை நீக்கிவிட்டு இலக்கு வைக்கலாமா என்று 2024-இன் பொருளாதார ஆய்வறிக்கை கேட்டது. அந்த விவாதம் நடக்கட்டும். உங்கள் கை எட்டாத தக்காளியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, உங்கள் கை நேராகத் தொடுகிற வீட்டுக் கடனையும் அதன் வழியாக மனை விலையையும் பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் பேசாமல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வட்டியை வைத்து மனை விலையை அடக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் மனைக்காரருக்கு முன்னால் லாரி டிரைவரும் சிறு ஆலைக்காரரும் அடிபடுவார்கள். அதற்கு உங்கள் கட்டடத்திலேயே வேறு கருவிகள் இருக்கின்றன. 2010-இல், முதல் சில வருடம் மலிவு வட்டி காட்டிப் பிறகு ஏற்றும் கவர்ச்சிக் கடன்கள் பெருகியபோது, அவற்றில் வரக்கூடிய இழப்பை ஈடுகட்ட வங்கிகள் ஒதுக்க வேண்டிய தொகையை 0.4-லிருந்து 2 சதவீதமாக ஏற்றினீர்கள். அந்தக் கடன்களின் மவுசு குறைந்தது. வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்பதற்கு 30 லட்சம் வரை 90, 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று வரம்பு இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்குபவருக்கும் முதல் வீடு வாங்குபவருக்கும் ஒரே வரம்பா என்று கேட்கலாம், கேட்பார் இல்லை. நியூசிலாந்து 1990 வாக்கில் உலகுக்கே பணவீக்க இலக்கு முறையைக் கற்றுக்கொடுத்த நாடு. வீட்டு விலை கட்டுமீறிப் போனதும், 2021-இல் அதன் அரசு, மத்திய வங்கி முடிவெடுக்கும்போது வீட்டு விலையையும் கருத வேண்டும் என்று உத்தரவிட்டது. அது சரியா தவறா என்பது வேறு, பேச்சாவது எழுந்தது.

உங்களிடம் விவரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. காலாண்டுதோறும் வீட்டு விலைக் குறியீட்டை வெளியிடுவது ரிசர்வ் வங்கிதான். சென்னையும் அதில் உண்டு. பத்திரப்பதிவு விவரத்தை வைத்துத் தயாரிப்பதால் அதில் ஓட்டை உண்டு. தமிழ்நாட்டில் அண்மைக்காலம் வரை அடுக்குமாடி வீட்டுக்கு, மனையின் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரையப் பத்திரமும் கட்டடத்துக்குத் தனியே ஒரு கட்டுமான ஒப்பந்தமும் போடுவது வழக்கம். 2023 டிசம்பரில்தான் இரண்டையும் சேர்த்த மதிப்பில் ஒரே பத்திரம் என்ற முறை வந்தது. ஓட்டை இருந்தாலும் குறியீடு குறியீடுதான். அதை ஒரு மூலையில் வெளியிட்டுவிட்டு, கொள்கைத் தீர்மானத்தில் மறந்துவிடுவது ஏன்?

2021-இல் புதுப்பித்த 4 சதவீத இலக்கின் காலம் 2026 மார்ச் 31-ஆம் தேதி வரை. இலக்கை மாற்றுவது அரசின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. உங்கள் கையிலேயே இருப்பதைத்தான் கேட்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் தீர்மானத்தில் வீட்டுக்கென ஒரு பத்தி எழுதுங்கள். வீட்டு விலைக் குறியீடு எங்கே நிற்கிறது; ரெப்போ மாறியபின் எத்தனை கடன்களில் தவணை மாறியது, எத்தனை கடன்களில் காலம் மட்டும் நீண்டது அல்லது சுருங்கியது; எத்தனை கடன்கள் கடன்தாரரின் அறுபது வயதைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒவ்வொரு வங்கியின் கணினியிலும் இந்த எண்கள் இருக்கின்றன; நீங்கள் கேட்டால் ஒரு வாரத்தில் வரும். வட்டி மாற்ற அறிவிப்பு அந்தந்த மாநில மொழியில், பழைய முடிவுத் தேதியும் புதிய முடிவுத் தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி காகிதத்தில் வரட்டும். பதில் வராதபோது என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி வேண்டும்: ஓய்வு வயதைத் தாண்டி நீட்டுவதென்றால், கையெழுத்து இல்லாமல் நீட்டக்கூடாது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களையும் வெளி அளவுகோலுக்குள் கொண்டுவாருங்கள்.

கையெழுத்து விதிக்கு வங்கிகள் முணுமுணுக்கும் என்பதை அங்கே வேலை பார்த்தவன் என்ற முறையில் அறிவேன். தவணையைக் கூட்டினால் சிலர் கட்டத் தவறுவார்கள், வாராக்கடன் கூடும் என்பார்கள். அந்தப் பயம் உண்மையானதே. கட்ட முடியாதவர் காலத்தை நீட்டிக்கொள்ளட்டும், தெரிந்து நீட்டிக்கொள்ளட்டும். கட்ட முடிகிற பலர் தங்கள் கடன் நீண்டதே தெரியாமல் இருக்கிறார்கள். அவர்கள் மாதம் இரண்டாயிரம் கூடுதலாகக் கட்டியிருந்தால் அவர்களுக்கும் நல்லது, 2022-இல் நீங்கள் செய்ய முயன்ற வேலைக்கும் நல்லது.

அடுத்த கூட்டத்தின் தீர்மானத்தில் அந்த ஒரு பத்தி இருக்கிறதா என்று பார்ப்பேன். முதல் முறை முழு எண்கள் கிடைக்காவிட்டால், ஐந்து பெரிய வங்கிகளின் எண்களோடு தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியன் ஒருவன்,
திருச்சிராப்பள்ளி.